முடக்கத்தான் சாறு: ஆய்வுக்கூட நாட்குறிப்பு

டிசம்பர் 9

மூட்டு வலிக்கு என்று வீடுகளில் சாப்பிடும் முடக்கத்தான் கீரையின் சாறு உண்மையில் அழற்சியை (உடம்பில் வரும் வீக்கத்தை, வலியை) அடக்குமா என்று பார்க்கப் போகிறோம். மழை விட்டதும் வேலியெல்லாம் முடக்கத்தான் படர்ந்து கிடக்கிறது. லால்குடி பக்கம் வாய்க்கால் கரையில் பறித்தோம். காற்றடைத்த மாதிரி உப்பிய காய், உள்ளே கருப்பு விதை, அதில் வெள்ளையாக இதய வடிவப் புள்ளி. பூவும் காயுமாக ஒரு கொடியைத் தாளில் அழுத்தி வைத்திருக்கிறேன். அடையாளம் உறுதி செய்ய, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்துக்கு (உலர்த்திய செடிகளின் காப்பகம்) போகும். பொடியாகவே வாங்கி ஆய்வு செய்தால் எந்தச் செடியைச் சோதித்தோம் என்று யாராலும் சரிபார்க்க முடியாது.

டிசம்பர் 20

இலை நிழலில் நன்றாகக் காய்ந்துவிட்டது. பொடித்துச் சலித்து, ஒரு பங்கைச் சாக்ஸ்லெட்டில் (சாறு இறக்கும் கண்ணாடிக் கருவி) மெத்தனால் என்ற ஆல்கஹாலோடு ஏற்றினேன். இன்னொரு பங்கு கஷாயம். "சாப்பிடறவங்க தண்ணியிலதானே கொதிக்க வைக்கிறாங்க, அதையும் பாரும்மா" என்று மேடம் சொன்னது ரொம்பச் சரி. மெத்தனால் சாற்றை மட்டும் சோதித்துவிட்டு, முடிவுரையில் பாட்டி வைத்தியத்தைப் பாராட்டும் கட்டுரைகளைப் படித்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பாட்டி கொடுத்தது வேறு சாறு.

ஜனவரி 7

இன்று டிபிபிஹெச் சோதனை. சாற்றின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை, அதாவது ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கும் திறனை, நிற மாற்றத்தை வைத்துப் பார்ப்பது. மெத்தனாலில் கரைத்தால் அழகான அடர் ஊதா. அந்த மூலக்கூறில் துணையில்லாத எலக்ட்ரான் ஒன்று இருக்கிறது. சாற்றில் உள்ள ஃபீனால் வகைச் சேர்மம் ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்தால் ஊதா மங்கி மஞ்சளாகும். இருட்டில் 30 நிமிடம் வைத்து, 517 நானோமீட்டரில் அளக்க வேண்டும். சாற்றுக்கே பச்சை நிறம் இருப்பதால், ஒவ்வொரு செறிவுக்கும் டிபிபிஹெச் சேர்க்காத ஒரு குழாயும் தனியாக வைத்துக் கழித்தேன்.

மெத்தனால் சாறு குறைந்த செறிவிலேயே நிறத்தை மாற்றியது. கஷாயத்துக்குக் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஒப்பீட்டுக்கு வைத்த அஸ்கார்பிக் அமிலத்துக்கு (வைட்டமின் சி) இரண்டுமே கிட்டே வரவில்லை.

குழாயில் நடப்பது உடம்பிலும் நடக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஃபிளேவனாய்டுகள் என்ற ஃபீனால் வகைச் சேர்மங்கள் குடலில் கொஞ்சம்தான் உறிஞ்சப்படுகின்றன. அதையும் குடலும் கல்லீரலும் வேறு வடிவமாக மாற்றிவிடுகின்றன. உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனுக்கு எண் போட்டுப் பட்டியல் வைத்திருந்த அமெரிக்க வேளாண்மைத் துறை, 2012-ல் அதைத் தன் தளத்திலிருந்தே எடுத்துவிட்டது. அந்த எண்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தினார்கள்.

ஜனவரி 8

ஃபோலின் சோதனை (சாற்றில் மொத்தம் எவ்வளவு ஃபீனால் என்று நீல நிறத்தை வைத்து அளப்பது), 765 நானோமீட்டர், காலிக் அமிலம் என்ற ஃபீனாலோடு ஒப்பீடு. வைட்டமின் சி இருந்தாலும் இந்தக் கரைசல் நீலமாகும். அதனால் 'மொத்த ஃபீனால்' என்று வரும் எண்ணை நான் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 21

பொங்கல் விடுமுறை முடிந்து, முட்டை வெள்ளைக்கரு சோதனை. அழற்சி எதிர்ப்பைப் பார்க்க என்று பலர் செய்வது. சூடாக்கினால் புரதம் திரண்டு கலங்கும். சாறு அதைத் தடுத்தால் கலங்கல் குறையும். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து ஒப்பீட்டுக்கு. அளப்பது 660 நானோமீட்டரில். பச்சையம் ஒளியை நன்றாக உறிஞ்சுகிற இடமும் அதன் அருகேதான். மெத்தனால் சாற்றில் பச்சையம் நிறைய. ஆக, முட்டை சேர்க்காத குழாய் இல்லாமல் இங்கே ஓர் எண்ணைக்கூட நம்பக் கூடாது. அப்புறம், டானின்கள் என்ற துவர்ப்புச் சேர்மங்கள் தாங்களே புரதத்தோடு ஒட்டிக் கலங்க வைக்கும்.

இரண்டு சாறும் ஓரளவு தடுத்தன. இதை 'அழற்சி எதிர்ப்பு' என்று தலைப்பில் போட எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்பிரின் வகை மருந்துகள், வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உடம்பில் உருவாவதைத் தடுக்கின்றன என்று மருந்தியலாளர் ஜான் வேன் 1971-ல் காட்டினார். அந்தப் பாதையை வெள்ளைக்கரு தொடவே இல்லை.

ஜனவரி 29

அம்மா போனில் கேட்டாள்: "எதிர்வீட்டு அக்கா மாத்திரைய நிறுத்திட்டு இதையே குடிக்கலாமாடி?" கூடவே கூடாது, டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம், தோசையில் சேர்த்துச் சாப்பிடுவதைச் சாப்பிடட்டும் என்றேன். முடக்கத்தான் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அதனால்தான் அதற்குச் சரியான சோதனை கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது ரா 264.7 செல்கள் (ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் சுண்டெலியின் நோய் எதிர்ப்புச் செல்கள்). புனே தேசிய செல் அறிவியல் மையத்திடம் கேட்டிருக்கிறோம். பாக்டீரியாவின் உறைப் பொருளான எல்பிஎஸ் கொடுத்து அழற்சியைத் தூண்டி, அப்போது செல்கள் வெளிவிடும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறதா என்று, அதை நிறமாகக் காட்டும் கிரீஸ் கரைசலில் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று காட்டும் எம்டிடி சோதனையும் ஓட வேண்டும். சாற்றின் நச்சால் செல்கள் செத்துப்போனாலும் நைட்ரிக் ஆக்சைடு குறையும். முதலில் வைக்கப்போவது கஷாயம்தான். உறைநிலையில் உலர்த்தி எடுத்து வைத்தாயிற்று.