பூமலையில் ஒரு பால்மரம்

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஜொகூரிலிருந்து வந்திருந்தார். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவில் ஆப்பமும் தே தாரிக் தேநீருமாகப் பசியாறினோம். கேம்பல் லேனில் அம்மா இரண்டு முழம் மல்லிகை வாங்கினார். வழக்கமாக அதோடு கடை கடையாக ஏறி இறங்கி வீடு திரும்பிவிடுவோம். இந்த முறை எம்ஆர்டி ரயிலில் ஏறி மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கி, பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன்.

1859இல் உருவான தோட்டம். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். அதற்குள் போகவே இல்லை, ஏனென்றால் அப்பா ஒரு ரப்பர் மரத்தடியில் நின்றுவிட்டார்.

1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் வந்து சேர்ந்தது இந்தப் பூமலைக்குத்தான். மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைப் பின்னாளில் இத்தோட்டத்தின் இயக்குநராக இருந்த ரிட்லி கண்டறிந்ததும் இங்கேதான். அதன்பின் மலாயா முழுக்கத் தோட்டங்கள், அவற்றில் வேலைக்கு நம் ஆட்கள்.

என் தாத்தாவும் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பாலெடுத்தவர். விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவாராம். அப்பா சுட்டுவிரலால் காற்றில் ஒரு சாய்கோடு இழுத்துக் காட்டினார்.

"கத்தி ஆழமா இறங்கக் கூடாதும்மா, மரத்துக்குக் காயம்பட்டுடும்."

பதினோரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். அவரை முன்பே இங்கே அழைத்து வந்திருக்க வேண்டும். அடுத்த மாதம் தம்பி பிள்ளைகளோடு மறுபடியும் வருகிறோம்.