தலைகீழாகப் பிடித்த கிட்டார்

சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதச் சொல்லி முன்னாள் மாணவர் சங்கத்தார் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது எங்கள் பள்ளி இசை அறையும், அதன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இடக்கைக்காரியும்தான். பெயர் வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். படிக்கும்போதே உங்களில் பலருக்கு யாரென்று தெரிந்துவிடும்.

அறையில் இருந்தது ஒரே கிட்டார், வலக்கைக்காரர்களுக்காகத் தந்தி கட்டியது. எல்லோரும் வாசிப்பதால் தந்திகளை மாற்றிக் கட்ட முடியாது. சரி என்று கிட்டாரையே திருப்பிப் பிடித்துக்கொண்டாள். தடித்த தந்திகள் கீழே போயின, மெல்லியவை மேலே வந்தன. கார்ட், அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கச் செய்ய விரல்களை எங்கே வைப்பது என்று காட்டும் புத்தகப் படங்கள் அவளுக்கு உதவவில்லை. ஒவ்வொரு விரலும் எங்கே போகவேண்டும் என்று தானே தேடிக் கண்டுபிடித்தாள்.

கேசட்தான் அவளுக்கு ஆசிரியர். ஒரே வரியைத் திருப்பித் திருப்பி ஓடவிடுவாள். பேட்டரி இறங்க இறங்க நாடா மெதுவாகச் சுற்றும், சுருதியும் இறங்கும். அவளோ பாட்டை நிறுத்தாமல் தந்திகளைத் தளர்த்தி அந்தச் சுருதிக்கே போய்விடுவாள். அந்தக் காது எங்கள் யாருக்கும் இல்லை.

ஐந்து பேராகக் குழு தொடங்கினோம், நான் கீபோர்டு. கிட்டாரைத் திருப்பிப் பிடித்ததால் அவளுடைய கட்டைவிரல் மெட்டை வாசிக்கும், மற்ற விரல்கள் கீழ் ஸ்வரங்களைப் பிடிக்கும். இரண்டும் ஒரே கையில். ஆனால் குழுவில் கீழ் ஸ்வரங்களுக்கென்றே பேஸ் கிட்டாரோடு ஒருத்தி இருந்தாள், மெட்டுக்கு நான் இருந்தேன். "நீ கார்ட் மட்டும் அடிடி, போதும்" என்று அவளிடம் சொன்னதே நான்தான். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பள்ளி முடிந்தும் குழு சில வருடங்கள் ஓடியது. ஒருநாள் ஒத்திகையில், "இந்த ஒரு பாட்டை நான் மட்டும் வாசிச்சுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். வாசித்து முடித்தபோது பேஸ் வாசித்தவள் தன் கிட்டாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டிருந்தாள். அவ்வளவு நாளும் எங்கள் சத்தத்துக்குள் என்ன இருந்தது என்பது எங்களுக்கு அன்றுதான் கேட்டது.

பிறகு அவள் தனியே போனாள், மனக்கசப்பு எதுவும் இல்லை. தொடக்கம் கடினமாகத்தான் இருந்தது. டிரம்ஸ் இல்லாதபோது தாளத்தைக் காலால் தட்டித் தானே பிடிக்கவேண்டும். ஒரு ஸ்வரம் தவறினால் மூடி மறைக்க ஆளில்லை. பழைய பாட்டுகளின் வேகத்தைக் குறைத்தாள், இடையிடையே மௌனம் விட்டாள். அப்புறம் சொந்தப் பாட்டுகள் வந்தன.

அமெரிக்க நாட்டுப்புறக் கிட்டார் கலைஞர் எலிசபெத் காட்டனைப் பற்றி நான் படித்தது வெகு காலம் கழித்து. 1893இல் வட கரோலினாவில் பிறந்தவர், இடக்கைக்காரர். சிறுவயதில் தானாகக் கற்று, வலக்கைக் கிட்டாரை இதேபோலத் தலைகீழாகப் பிடித்து வாசித்தவர். அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. உடனே இவளுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்போ நான் தப்பா வாசிக்கலை, இல்லையா?" என்றாள்.

எங்கள் ஆண்டுவிழாக் கச்சேரியின் கேசட் யாரிடமாவது இருந்தால் சங்கத்துக்குத் தெரியப்படுத்துங்கள். என் கீபோர்டுக்கு அடியில் அவள் என்ன வாசித்துக்கொண்டிருந்தாள் என்று ஒருமுறை கேட்கவேண்டும்.