காவி நூல் தொட்ட ஊர்கள்

மயிலாடியில் படித்தவர்களுக்கு உளிச் சத்தம் இல்லாத வகுப்பறை நினைவில் இருக்காது. எங்கள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் சிற்பக்கூடம். அப்பா அங்கேதான் கல் கொத்தினார்.

எட்டாம் வகுப்பில் வரலாற்று சார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "மக்களே, அப்பா கல்லுல கோடு போடுவாருல்லா, அந்த நூல்ல ரெண்டு முழம் வாங்கிட்டு வா" என்றார். மறுநாள் காவி தோய்த்த நூலோடு போனேன். சுவரில் உலகப் படம். ஒரு நுனியை குமரிமுனைக்குப் பக்கத்தில் நான் அழுத்திப் பிடிக்க, மறு நுனியை சார் ஜெர்மனியில் ஹாலே இருக்கும் இடம்வரை இழுத்தார். நூல் பட்ட இடமெல்லாம் சிவப்புக் கோடு. பள்ளிக்கூடப் படம் பாழாகிவிட்டதே என்று எனக்கு நடுக்கம். "கிடக்கட்டும், இனி மறக்கமாட்டிய" என்றார் சார்.

அப்புறம் கதை சொன்னார். நம்மூர் வேதமாணிக்கம் சிதம்பரம் போய்விட்டுத் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவ மிஷனைக் கண்டு, எங்கள் ஊருக்கும் வாருங்கள் என்று கேட்டார். ஹாலேயில் படித்த ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே தரங்கம்பாடியில் தமிழ் கற்றுக்கொண்டு 1806-ல் மயிலாடி வந்தார், பள்ளிகள் தொடங்கினார். 1819-ல் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கிய மார்த்தா மால்ட், அதன் செலவுக்காகப் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். சார் அழுத்திச் சொன்னது ஒன்றைத்தான்: "முதல்ல போய்க் கூப்பிட்டது நம்ம ஆளு."

நான் இப்போது இருப்பது லைப்சிக்கில். ஹாலே ரயிலில் அரை மணி நேரம்தான். அங்கே பிராங்கே என்ற பாதிரியார் தொடங்கிய கல்வி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ரிங்கல்தௌபேக்கு நூறு வருடம் முன்னாலேயே தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் அச்சானதும் அந்த ஊரில்தான். தரங்கம்பாடியில் அவர் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். மலையப்பன் என்ற தமிழ் இளைஞர் அவரோடு ஐரோப்பாவுக்கே போய் வந்தார். இதையெல்லாம் அங்கே நின்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லிக்கொடுத்தவர்கள் வரிசையில் நம் பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள்.

அதனால்தான் வெளியூர்களில் வாழும் நம் பழைய மாணவர்களின் சங்கத்திடம் ஒன்று கேட்கிறேன். மயிலாடிப் பள்ளிக்குக் கணினி அனுப்புகிறோம், சரி, அதுவும் வேண்டும். ஆனால் நம் பிள்ளைகள் எப்போதும் வாங்கிக்கொள்கிறவர்களாகவே இருக்க வேண்டுமா? நாம் வாழும் ஊர்களின் வகுப்புகளோடு அவர்களைக் கடிதத்தில் பேச வைப்போம். அங்கிருந்து கேள்வி வரட்டும், இவர்கள் பதில் சொல்லட்டும்.

சென்ற வருடம் மகளின் வகுப்பில் மயிலாடிச் சிலைகளின் படங்களைக் காட்டினேன். ஒரு பையன் கேட்டான்: உள்ளே விரிசல் இருந்தால் வெளியிலிருந்து எப்படித் தெரியும்? எனக்குப் பதில் தெரியவில்லை. வகுப்பிலிருந்தே அப்பாவுக்கு வீடியோ அழைப்பு போட்டோம். எண்பது வயதைத் தாண்டியவர், ஒன்றும் பேசாமல் முற்றத்தில் கிடந்த இரண்டு கற்களை உளியால் தட்டினார். ஒன்று மணிபோல ஒலித்தது, இன்னொன்று மொத்தென்றது. இருபத்து நான்கு பிள்ளைகளும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். "இன்னொரு தடவை தட்டச் சொல்லுங்க" என்றான் அந்தப் பையன்.