பழைய காமெடியும் பிரேக்கிங் நியூஸும்

பழைய நகைச்சுவைத் தொடரை மறுஒளிபரப்பு செய்வது சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற வேலை என்று சேனலுக்குள்ளேயே ஒரு பேச்சு உண்டு. எடுத்து வைத்ததை எடுத்துப் போட வேண்டியதுதானே! உலகம் அமைதியாக இருக்கும் நாளில் அது உண்மையும்கூட. மாலை ஆறு மணிக்கு விமான விபத்துச் செய்தி வருகிறது. ஏழரை மணிக்குக் காத்திருப்பதோ, முதன்முதலாக விமானம் ஏறிய ஒருவர் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அலறுகிற எபிசோடு. நிகழ்ச்சிகளை வரிசைப்படி ஒளிபரப்புக்கு அனுப்பும் ப்ளேஅவுட் அறையில் இருப்பவருக்கு அந்தக் கோப்பு வெறும் எண்தான். அதற்குள் விமானம் இருப்பதை அவருக்கு யார் சொல்வார்கள்?

குறிப்பேடுதான் சொல்ல வேண்டும். அதை விபத்து நடந்த அன்று எழுத முடியாது. தொடர் கைக்கு வந்த வாரத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். 22 நிமிட எபிசோடை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுத ஒரு மணி நேரம் பிடிக்கும். டைம்கோடு (எத்தனையாவது நிமிடம், விநாடி என்பது), அந்த இடத்தில் என்ன இருக்கிறது, எந்த வகை, இவ்வளவுதான். இரட்டை வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதைப் பிடித்துவிடுவார்கள், காதில் விழுவதைத்தான் தவறவிடுவார்கள்: பின்னணியில் ஓடும் ரேடியோ, லீவு கேட்க போனில் சொல்லும் பொய், "பஸ் கவுந்துருச்சாம்" என்று போகிற போக்கில் வரும் ஒரு வரி. வகைச் சொற்களை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நல்லது. விமானம், தீ, வெள்ளம், கூட்ட நெரிசல், கட்டட இடிபாடு, துப்பாக்கி, காணாமல் போன குழந்தை, தொற்றுநோய் என்று இருபது சொற்கள் போதும். ஒருவர் 'தீ' என்றும் மற்றவர் 'நெருப்பு' என்றும் எழுதி வைத்தால், அவசரத்தில் தேடுகிறவருக்குப் பாதிதான் சிக்கும்.

நடிகர் பெயர்களும் அதில் இருக்க வேண்டும், ஒரே ஒரு காட்சியில் வந்து போனவர் உட்பட. ஒரு கலைஞர் இறந்துவிட்டால், அவருடைய எபிசோடுகளில் அதிகம் பார்க்கப்பட்டதை அன்றிரவே அஞ்சலியாகப் போடச் சொல்வார்கள். செத்ததுபோல் நடித்து ஊரை ஏமாற்றுவது நகைச்சுவைத் தொடர்களின் தீராத சரக்கு. அதிகம் பார்க்கப்பட்டதும் பெரும்பாலும் அதுவாகவே இருந்து தொலைக்கும்.

செய்தி வந்துவிட்டது, எபிசோடும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே எழும் யோசனை, அந்த வசனத்தை மட்டும் வெட்டிவிடலாம் என்பது. வேண்டாம். பழைய பிரதிகள் பலவற்றில் வசனமும் சிரிப்பொலியும் தனித்தனியாகப் பிரிக்க முடியாதபடி ஒரே மோனோ ஒலித்தடத்தில் கலந்திருக்கும். வசனத்தைத் தூக்கினால், எதற்கென்றே தெரியாத சிரிப்பு ஒன்று அந்தரத்தில் தொங்கும். சப்டைட்டில் கோப்பு தனியாக இருந்தால், வெட்டிய நான்கு விநாடி அதற்குப் பின்வரும் எல்லா வரிகளையும் தள்ளிப்போடும். விளம்பர இடைவெளிக் குறிகளும் நகரும். பத்து நிமிடத்தில் செய்த வெட்டு அடுத்த நாள் முழுக்க ஆள் கேட்கும்.

எபிசோடையே மாற்றுவதுதான் சரி. அதற்காக ஒவ்வொரு தொடரிலிருந்தும் மூன்று எபிசோடுகள் எப்போதும் சர்வரில் தயாராக இருக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே முடிகிற கதை, பக்கத்து வீட்டுச் சண்டை, கடன் வாங்கிய கதை போன்றவை. நீளம் முக்கியம்: 24 நிமிட இடத்தில் 22 நிமிட எபிசோடு போனால் இரண்டு நிமிடத்தை எதையாவது வைத்து நிரப்ப வேண்டும், அந்த 'எதையாவது' அன்றைக்கு விடுமுறைப் பயண விளம்பரமாக இருக்கும். மாற்று எபிசோடுக்கு ஒப்பந்தப்படி இன்னும் ஒளிபரப்பு உரிமை மீதியிருக்கிறதா என்றும் பார்த்து வைக்க வேண்டும்.

எபிசோடை மாற்றிவிட்டு ப்ரோமோவை மறந்துபோவதுதான் அடிக்கடி நடக்கிற பிழை. எபிசோடு ஒருமுறைதான் வரும். அதன் 20 விநாடி ப்ரோமோ செய்தி நேரத்தையும் விடாமல் நாளெல்லாம் சுற்றும். முதலில் எடுக்க வேண்டியது அதை. அடுத்து, தானாக வெளியாகும்படி முன்பே நேரம் குறித்து வைத்த சமூக ஊடகப் பதிவுகள். அதன் பிறகுதான் எபிசோடு.

செய்தி முடிந்ததும் டைட்டில் பாட்டோடு துள்ளிக் குதித்து வராத எபிசோடாக இருந்தால் இன்னும் நல்லது. போர்க்கள மருத்துவமனையில் நடக்கும், 1972இல் தொடங்கிய 'மாஷ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைத் தயாரித்தவர்கள் அறுவைசிகிச்சைக் காட்சிகளில் சிரிப்பொலி கூடாது என்று பிடிவாதமாக நின்றார்கள். எங்கே சிரிப்பை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் எடுத்த தொடரை அட்டவணையில் வைப்பது எவ்வளவு எளிது என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நிறத்தையும் உடலையும் இனத்தையும் கேலி செய்யும் வசனம் ஒரு வகை. தன்னளவில் தவறில்லாத, இன்றைய செய்தியால் மட்டும் வலிக்கிற வசனம் வேறு வகை. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுக்கக் கூடாது. 'ஃபால்டி டவர்ஸ்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரில் 1975இல் வந்த எபிசோடு ஒன்றை, அதிலிருந்த இனவெறிச் சொற்களுக்காக 2020 ஜூனில் ஒரு பிரிட்டிஷ் ஸ்ட்ரீமிங் தளம் நீக்கியது. அந்தச் சொற்களைப் பேசும் பாத்திரத்தின் பழமைவாதத்தைத்தான் தொடர் கேலி செய்கிறது என்று, அதை எழுதி நடித்தவர்களில் ஒருவரான ஜான் கிளீஸ் சீறினார். சில நாட்களில் எச்சரிக்கைக் குறிப்போடு எபிசோடு திரும்பியது. நிதானமாக முடிவெடுத்திருந்தால் முதலிலேயே குறிப்போடு விட்டிருக்கலாம். அந்தக் குறிப்பும் என்ன இருக்கிறதென்று சொல்ல வேண்டும். 'சிலர் மனம் புண்படக்கூடும்' என்பது யாருக்கும் எதையும் சொல்வதில்லை.

இரண்டாவது வகைக்கு 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் உதாரணம். நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தில் நடக்கும் 1997 எபிசோடு, 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு பல நிலையங்களின் மறுஒளிபரப்பிலிருந்து நீக்கப்பட்டது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, கட்டடம்தான் இல்லாமல் போயிற்று. இப்படி விலக்குகிற எபிசோடுக்குப் பக்கத்தில் மறுபரிசீலனைத் தேதியும், பொறுப்பாளர் பெயரும் இருந்தே ஆக வேண்டும். எடுப்பதற்குப் பத்து பேர் போன் செய்வார்கள், திருப்பிப் போடச் சொல்லி ஒருவரும் செய்வதில்லை. தேதிக் கட்டம் காலியாக இருந்தால் எபிசோடு 'நிறுத்திவைப்பு' பட்டியலிலேயே கிடக்கும். இரண்டு வருடம் கழித்து சர்வர் மாற்றும்போது ஒளிபரப்பில் உள்ள கோப்புகளை மட்டும் புதியதற்கு நகலெடுப்பார்கள். அந்தக் காலத்தில் டேப்பை மறுபடி பயன்படுத்த அழித்தார்கள். இன்று அழிக்கக்கூட வேண்டியதில்லை.