என் ஐந்தெழுத்து

பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்த முதல் வாரம், என்னைப் பார்க்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: “கேண்டீன்ல மாசத்துக்கு எத்தனை பாட்டில் தருவாங்க?” எங்கே இருந்தாய், என்ன வேலை பார்த்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன செய்வது? வேலூரை அடுத்த கணியம்பாடி பக்கம் எங்கள் ஊர். தெருவுக்கு இரண்டு பட்டாளத்துக்காரர் இருக்கும் இடத்தில் பட்டாளத்துக் கதைக்கு மவுசு கிடையாது, சரக்குக்குத்தான் உண்டு.

கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

1986இல், 18 வயதில், சென்னை சென்ட்ரலில் ரயில் ஏறி இட்டார்சி வழியாக ஜபல்பூர் போய் இறங்கினேன். சிக்னல்ஸ், அதாவது பட்டாளத்தின் தகவல் தொடர்புப் பிரிவின் பயிற்சி மையம். வயர்லெஸ் ஆபரேட்டர் என்று டிரேடு கொடுத்தார்கள். துப்பாக்கி பிடிக்கப் போகிறோம் என்று கிளம்பியவன் கையில் தந்தி அடிக்கும் ஒரு மோர்ஸ் கீயையும் காதில் ஹெட்போனையும் மாட்டிவிட்டார்கள். எனக்கு இந்தி தெரியாது. சொல்லிக்கொடுத்த உஸ்தாத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மோர்ஸின் டிட் என்ற குட்டை ஒலியும் டா என்ற நீள ஒலியும் இரண்டு பேருக்கும் பொது. இந்தியைவிட மோர்ஸ்தான் எனக்கு முதலில் வந்தது. ‘எல்’லும் ‘எஃப்’பும் மட்டும் மூன்று வாரம் படுத்தின. ஒன்று டிட் டா டிட் டிட், இன்னொன்று டிட் டிட் டா டிட். புள்ளியையும் கோட்டையும் எண்ணிக்கொண்டிருந்த என் தலையில் பென்சிலால் தட்டி உஸ்தாத் சொன்னார்: “எண்ணாதே, தாளமாகக் கேள்.” திருவிழாவில் பறைச் சத்தம் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அடுத்த மாதம் தூக்கத்திலும் விரல் ஆடியது.

அதற்கப்புறம் 24 வருடம். அதில் மூன்று குளிர்காலம் லடாக்கில். இரவு டியூட்டி, புகாரி என்ற கணப்பு அடுப்பில் மண்ணெண்ணெய் எரியும், பேனா மை உறைந்துபோகும், அதனால் பென்சில்தான். காதில் வருவதை எழுதவேண்டும். வருவது வார்த்தைகள் அல்ல. ஐந்து ஐந்து எழுத்தாகக் கட்டுக் கட்டாக வரும் ரகசியக் குறியீடு. எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டு, குறியீட்டை அவிழ்க்கும் சைபர்காரரிடம் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்தது. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் ஐந்தெழுத்து என்றால் நமசிவாய. என் ஐந்தெழுத்துக்கு என்ன பொருள் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. நான் எழுதிக்கொடுத்ததில் சண்டைச் செய்தியும் இருந்திருக்கும், முட்டை எத்தனை டிரே வேண்டும் என்ற இண்டென்டும் இருந்திருக்கும். இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலித்தன. நடுவில் சொந்தமாக ஒரு வார்த்தை அடிக்கக்கூடாது. எதிர்முனையில் இருப்பவர் யார் என்று பெயர் தெரியாது, ஆனால் அடிக்கும் விதத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவோம். ஒருவர் டாவைச் சற்று இழுப்பார், இன்னொருவர் ‘சி’யை அவசரமாக முடிப்பார். ஒரு வருடம் தினமும் கேட்ட கையை, முகத்தைப் பார்க்காமலே பிரிந்திருக்கிறேன்.

பிற்காலத்தில் வயர்லெஸ் செட்டுகள் மாறின, மோர்ஸ் குறைந்துகொண்டே வந்தது. 2010இல் ஹவில்தாராக வெளியே வந்தபோது எனக்கு 42 வயது.

வழக்கம்போல வங்கியில் காவலாளி வேலை. 12 போர் துப்பாக்கியோடு வாசலில் நிற்கவேண்டும். பெரும்பாலும் செய்த வேலை, சலான் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுத்தது. மீதி நேரம் எதிரே தெரியும் கடைப் போர்டுகளை ஒவ்வொன்றாகத் துப்பாக்கிக் கட்டையில் விரலால் மோர்ஸாகத் தட்டிக்கொண்டிருப்பேன். எனக்கே தெரியாமல் நடக்கும். ஒருநாள் கேஷியர் அம்மா மெதுவாக வந்து, “அண்ணே, கை நடுக்கம் இருக்கே, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?” என்று கேட்டார். என்னவென்று விளக்குவது? சுகர் டெஸ்ட் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். 2013 ஜூலையில் தந்தி சேவையை நிறுத்தினார்கள். அதில் மோர்ஸ் ஒழிந்து பல காலம் ஆகியிருந்தது, இருந்தாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பொதுமக்கள் உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வயர்லெஸ் நடத்தும் ஹாம் ரேடியோ என்ற ஒன்று இருப்பது எனக்குச் சுனாமி சமயத்திலேயே தெரியும். 2004 டிசம்பரில் போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, போன் எல்லாம் செத்துப்போன நிலையில் அந்தமானிலிருந்து உயிரோடு இருப்பவர்கள் பற்றிய செய்திகளை வயர்லெஸ்ஸில் நாட்டுக்குச் சொன்னார். பேப்பரில் படித்துவிட்டு, நம் வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறவர்களும் இருக்கிறார்களே என்று நினைத்தேன். அவ்வளவுதான், மறந்துவிட்டேன். தந்தி நின்றபோது மறுபடி ஞாபகம் வந்தது.

ஹாம் உரிமத்துக்குப் பரீட்சை உண்டு. மோர்ஸ் தெரியாதவர்களுக்கு ஒரு கிரேடு, தெரிந்தவர்களுக்கு ஜெனரல் கிரேடு. ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 வார்த்தை எடுக்கவும், அதாவது காதில் கேட்டு எழுதவும், அனுப்பவும் வேண்டும். நான் 20க்கு மேல் எடுத்தவன். இது ஒரு பரீட்சையா என்று அலட்சியமாகப் போய் உட்கார்ந்தால், முதல் வரியிலேயே தடுமாறிவிட்டேன். வேகமாகக் கேட்டுப் பழகிய காதுக்கு மெதுவாக வருவது எழுத்தாகவே சேராது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற வேகத்தில் ஓட்டச் சொன்னால் எப்படி ஆடும், அப்படி. எப்படியோ தேறினேன்.

விதிகளைப் படிக்கும்போது ஓர் இடத்தில் சிரித்துவிட்டேன். ஹாம்கள் ரகசியக் குறியீட்டில் எதுவும் அனுப்பக்கூடாது, எல்லோருக்கும் புரிகிற வெளிப்படையான மொழியில்தான் பேசவேண்டும் என்று இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்துக்குத் தடை!

உரிமம் கைக்கு வரத் தாமதமானது. 24 வருடம் நாட்டின் ரகசியத்தைக் காதில் வாங்கியவனுடைய நன்னடத்தையைச் சரிபார்க்க ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குக் காகிதம் போக மாதக்கணக்கானது. கோபம் வந்தது. சரி, அதை விடுங்கள்.

செட்டு, ஹைதராபாத்தில் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோ பிட்எக்ஸ். 10 வாட். வீட்டில் ராத்திரிக்குப் போடும் பழைய ஜீரோ வாட் பல்பு இதைவிட அதிகம் குடிக்கும். 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஆன்டெனா கட்ட மொத்தம் 20 மீட்டர் செம்புக் கம்பி வேண்டும். மாடியில் ஒரு மூங்கில் நட்டு, இந்தப் பக்கம் 10 மீட்டர், அந்தப் பக்கம் 10 மீட்டர் சரிவாக இழுத்து, ஒரு முனையைத் தென்னை மரத்தில் கட்டினேன். கம்பி என்னவோ ஆன்டெனாதான். என் மனைவிக்கு அது கொடி. ஒருநாள் செட்டு ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் மாடிக்குப் போய்ப் பார்த்தால் தாழ்ந்த முனையில் ஈரப் போர்வை தொங்குகிறது.

முதல் தொடர்பு ஆலப்புழை பக்கத்தில் ஒருவரோடு. அவருடைய கை நிதானமான கை, வாத்தியாராக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். என் சிக்னல் எப்படி வருகிறது என்று சொன்னார், தன் பெயரைச் சொன்னார், மழை என்றார், உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். கீ மேல் வைத்த விரல் நின்றுவிட்டது. எத்தனையோ லட்சம் எழுத்து அடித்த கை, காற்றில் ஒருமுறைகூட என் பெயரை அடித்ததில்லை. ஆங்கிலத்தில் என் பெயர் ஆறு எழுத்து. ஐந்தில் அடங்காது. முதல் தடவை தப்பாக அடித்துவிட்டு, திருத்தி மறுபடி அடித்தேன்.

என் பேட்ச் நண்பர் ஒருவர் காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் பையன்களை 1.6 கிலோமீட்டர் ஓடவிட்டுப் பட்டாளத்துக்குத் தயார் செய்கிறார். ஒரு ரூபாய் வாங்குவதில்லை. அக்னிபத்துக்கு அப்புறம் அவர்களில் பலர் நாலே வருடத்தில் திரும்பி வந்துவிடுவார்கள். எனக்கு 42இல் வந்த திகைப்பு அவர்களுக்கு 25க்குள் வரும். அதை நினைத்துத்தான் இரண்டு பையன்களுக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்தேன். ஒருவன் ஒரு வாரத்தில் ஓடிவிட்டான். இன்னொருவன் ‘எல்’லிலும் ‘எஃப்’பிலும் நிற்கிறான்.

நான் செட்டு வாங்கியது சூரியனில் கரும்புள்ளிகள் குறைந்திருந்த காலம். 11 வருடத்துக்கு ஒரு சுற்று அது. புள்ளி குறைந்தால் 14 மெகாஹெர்ட்ஸில் தூரத்து நிலையங்கள் அவ்வளவாகக் கிடைக்காது. இப்போது புள்ளிகள் கூடியதும் நிலைமை மாறிவிட்டது. போன ஜனவரியில் ஒரு சாயங்காலம் ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க்கிலிருந்து ஒருவர் கிடைத்தார். வேகமான கை, எனக்குப் பிடித்த வேகம். வெளியே மைனஸ் 20 என்றார். தெரியும், அந்தக் குளிரில் மூன்று குளிர்காலம் இருந்திருக்கிறேன் என்று அடித்தேன். எங்கே என்றார். மலை மேல் என்றேன். அங்கே என்ன வேலை என்றார். இதே வேலைதான் என்றேன். சிரிப்புக்கு மோர்ஸில் ‘எச்’, ‘ஐ’ என்று இரண்டு எழுத்து அடிப்பார்கள், மொத்தம் ஆறு டிட். அதை அவர் மூன்று முறை அடித்தார்.

ஹெட்போனைக் கழற்றும்போது மனைவி காபியோடு நின்றிருந்தாள்.

“என்னங்க சொன்னாங்க?”

“அங்க ரொம்பக் குளிராம்.”

“இதுக்கா ஒரு மணி நேரம்?” என்றாள்.