ஐந்தாவது ஆள்

"சேர், நடுவில ஆள் இல்ல. நான் முன்னுக்கு ஏறட்டா?"

"இடத்தை விடாத தம்பி. அஞ்சு பேரும் ஒரே கோட்டில நில்லுங்க."

திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்தில், எதிரணி த்ரோ எறிய ஆயத்தமான இடைவெளியில், பயிற்சியாளரான எனக்கும் எங்கள் பாடசாலை உதைபந்தாட்ட அணித் தலைவனுக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். நாங்கள் 1-0 முன்னிலை. கடைசி இருபது நிமிடம். ஒரு நடுக்கள வீரனை வெளியே எடுத்து, கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் ஸ்டொப்பர் ஒருவனை இறக்கி, பின்னால் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர் என்றிருந்த 4-4-2 ஐ அப்போதுதான் 5-3-2 ஆக்கியிருந்தேன்.

காரணமில்லாமல் மாற்றவில்லை. இரண்டாம் பாதி முழுக்கக் கச்சான் காற்று எங்கள் முகத்தில் அடித்தது. எங்கள் கோல்காப்பாளன் உதைத்த பந்து நடுக்கோட்டையே தாண்டவில்லை. அவர்களுடைய விங் பையன்கள் இருவரும் ஓரத்தால் ஓடி ஓடி உள்ளே பந்தைத் தூக்கினார்கள். நால்வர் வரிசையில் ஒருவன் ஓரத்துக்கு இழுபட்டால் உள்ளே ஓட்டை விழும். ஐவர் நின்றால் ஓரத்துப் பையன் துணிந்து வெளியே போகலாம். உள்ளே மூன்று ஸ்டொப்பர்கள் இருப்பார்கள். அதே காற்று, அதே ஸ்கோர் என்றால் இன்றைக்கும் அதையே செய்வேன்.

ஆனால் கோல்காப்பாளனை விட்டால் இருப்பது பத்துப் பேர். பின்னால் கூட்டும் ஒருவன் வேறெங்கோ குறைகிறான். தலைவன் கண்டது அந்தக் குறைவைத்தான். நாங்கள் தலையால் முட்டி வெளியேற்றிய பந்தெல்லாம் பெனல்டி பெட்டிக்கு முன்னால், ஆளில்லாத இடத்தில், அவர்களுடைய காலுக்கே போனது.

சரி, அவன் ஏறினான். நடு ஸ்டொப்பர் அவன்தான். அவர்களில் யாராவது அந்த இடத்தில் பந்தை வாங்கும்போதெல்லாம் பாய்ந்து போய் மறித்தான். பந்து விலகியதும் திரும்பி வந்து கோட்டில் நின்றான். அவன் போகும்போது பக்கத்து இருவரும் உள்ளே நெருங்கினார்கள். அதை நான் பழக்கியிருக்கவில்லை. நான் கத்தியது காற்றில் போயிருக்கலாம். ஆட்டம் 1-0 ஆகவே முடிந்தது.

"நல்ல நேரத்தில மாத்தினீங்க" என்று எல்லாரும் கைகொடுத்தார்கள். அவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்க சொன்னதைத்தான் செய்தன் சேர்" என்றான்.

அப்படிப் பார்த்தால் அது உண்மையும்கூட. ஒருவன் வெளியே பாய முடியவேண்டும் என்றுதானே மூன்றாவது ஸ்டொப்பரைப் போடுகிறோம்? ஆனால் என் வாயிலிருந்து வந்தது "இடத்தை விடாத" என்பது. அவன் என் சொல்லைக் கேட்டு நின்றிருந்தால் வென்றிருப்போமா என்று யோசிக்கும்போதெல்லாம் 2014 உலகக் கிண்ணத்தின் மெக்ஸிகோ நினைவுக்கு வருகிறது. நெதர்லாந்துக்கு எதிராக 1-0 முன்னிலையில் இருந்தபோது, கோல் அடித்த ஜொவானி டொஸ் சன்டொஸை 61 ஆம் நிமிடம் வெளியே எடுத்தார்கள், அணி பின்வாங்கியது. நெதர்லாந்தின் பயிற்சியாளர் லூயி வான் ஹால் தண்ணீர் குடிக்கத் தந்த இடைவேளையில் வீரர்களைக் கூட்டித் தன் மாற்றுத் திட்டத்தை விளக்கினார். 88 ஆம் நிமிடம் ஸ்னைடரின் கோல், முடியும் தறுவாயில் ஹுன்டலாரின் பெனல்டி. நெதர்லாந்துக்கு 2-1 வெற்றி. எனக்கும் அப்படியொரு இடைவேளை கிடைத்திருந்தால் அவன் பேச்சை முழுதாகக் கேட்டிருப்பேன் என்று சொல்லிக்கொள்கிறேன். நம்புகிறேனா என்பது வேறு.

இப்போது ஐவர் வரிசையைப் பழக்கும்போது, நடு ஸ்டொப்பர் எப்போது ஏறவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறேன். பையன்கள் சரியாகவே ஏறுகிறார்கள், நான் சொன்ன நேரத்தில். கேட்காமல் ஏற இவர்களில் ஒருவனாவது துணிவானா என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்க்கிறேன். துணிந்தால் கத்துவேனா, விட்டுவிடுவேனா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.