எங்கள் கவுண்டி ஜெயிலுக்கு நான் போட்ட ஓட்டு

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகு எனக்கு வந்த முதல் தேர்தல் 2024 நவம்பர் 5. ஊர் முழுக்க அதிபர் தேர்தல் பேச்சு, ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது ஓட்டுச்சீட்டின் பின்பக்கத்தில் இருந்த கேள்விதான். கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) புது ஜெயில் கட்ட 1.8 கோடி டாலர் வரை கடன் பத்திரம் வெளியிடலாமா, ஆம் அல்லது இல்லை.

அப்பாவிடம் போனில் சொன்னபோது, "ஜெயில் கட்டறதுக்கெல்லாமா ஜனங்களைக் கேப்பாங்க?" என்று சிரித்தார். நியாயமான கேள்வி. எங்கள் ஊர் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் கிளைச் சிறை ஒன்று உண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற இடத்திலிருந்து அதன் கேட் தெரியும், அதைக் கட்ட எவ்வளவு ஆனது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

நான் இருப்பது அயோவாவில். சுற்றிலும் சோளக்காடு, வேலை எத்தனால் ஆலையில். இங்கே கவுண்டி ஜெயில் என்பது ஏறக்குறைய நம் கிளைச் சிறை மாதிரிதான். ஒரு வருடத்துக்கு மேல் தண்டனை பெற்றவர்கள் மாநிலச் சிறைக்குப் போய்விடுவார்கள். கவுண்டி போலீஸின் தலைவரான ஷெரீஃப் பொறுப்பில் இருக்கும் கவுண்டி ஜெயிலில் மிச்சம் இருப்பது சின்னத் தண்டனைக்காரர்களும், முக்கியமாக விசாரணை முடியாதவர்களும். நாடு முழுக்கக் கவுண்டி ஜெயில்களில் இருப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். எனக்கு இது அதுவரை தெரியாது.

இதில் நான் எப்படி மாட்டினேன் என்றால், முதல் பொதுக்கூட்டத்தில் எழுந்து வட்டியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டுத் தொலைத்தேன். மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வாரமே பொதுமக்கள் கமிட்டியில் சேரச் சொல்லி மெயில் வந்தது. கேள்வி கேட்பவனைக் கமிட்டியில் போட்டு அமுக்குவது எல்லா ஊர் வழக்கம்தான் போல.

கமிட்டியின் முதல் வேலை பழைய ஜெயிலைப் பார்ப்பது. மொத்தம் 14 படுக்கை. இரும்புக் கதவுகளுக்கு இன்னும் கையால் திருகும் சாவி, நடைபாதை ஓரத்தில் ஒழுகும் குழாய்க்கு அடியில் ஒரு வாளி. இரவில் ஒரே ஊழியர், அவரே அவசரப் போனையும் எடுக்க வேண்டும். ஒரு அறையில் கட்டில் தீர்ந்துபோய் தரையில் பிளாஸ்டிக் தொட்டி மாதிரி ஒன்று கிடந்தது, அதற்குள் மெத்தை போட்டு ஒருவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அதற்குப் பெயரே 'போட்'டாம். படகு. அவருடைய தலைக்கும் கழிப்பறைக்கும் நடுவே இரண்டு முழம் இருந்தால் அதிகம்.

14 படுக்கை இருந்தும் பத்துப் பேர் வந்தாலே நிரம்பிவிடும் என்றார் ஷெரீஃப். முதலில் நம்பவில்லை. ஒரே ஒரு பெண் வந்தால் அவருக்காக நான்கு படுக்கை அறையை முழுசாகக் காலி செய்ய வேண்டும், அடிதடியில் வந்தவனை அடிவாங்கியவனின் அண்ணனோடு போட முடியாது, மனநிலை சரியில்லாதவரைத் தனியாக வைக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். மீதிப் பேரைப் பக்கத்துக் கவுண்டிக்கு அனுப்புகிறார்கள், ஆளுக்கு நாளுக்கு 55 டாலர் வாடகை, அது வருடத்துக்குச் சுமார் 2 லட்சம் டாலர் வருகிறது. கோர்ட் தேதி வந்தால் ஷெரீஃபின் கீழ் வேலை செய்யும் ஒரு டெபுடி போய்க் கூட்டி வந்து திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும், அந்த நேரத்தில் ரோட்டில் ரோந்துக்கு ஆள் குறையும்.

சரி, தேவை இருக்கிறது. அப்புறம் விலையைப் பார்த்தோம். 1.8 கோடியை 20 வருடத்தில் 4 சதவீத வட்டியில் கட்டினால் வருடத்துக்கு 13 லட்சத்துக்கு மேல், மொத்தம் இரண்டரைக் கோடியைத் தாண்டுகிறது. 2 லட்சம் வாடகையை மிச்சம் பிடிக்க 13 லட்சம். பணக் கணக்கில் மட்டும் இதை யாரும் நியாயப்படுத்த முடியாது, நியாயப்படுத்தவும் கூடாது, அந்தப் போட்டில் படுத்திருந்தவரைக் காட்டித்தான் கேட்க வேண்டும். ஆனால் ஓட்டுக் கேட்டு அச்சடித்த பிரசுரத்தில் போட்டது வேறு: காலி படுக்கைகளை மற்றக் கவுண்டிகளுக்கு வாடகைக்கு விட்டால் வருமானம் வரும் என்று. பக்கத்துக் கவுண்டியும் அதே கனவில் அதே மாதிரி கட்டிடத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தது. எல்லாரும் சத்திரம் கட்டினால் வழிப்போக்கன் யார்?

திட்டம் 36 படுக்கைக்கு. ஆலோசனைக் கம்பெனி காட்டிய வரைபடத்தில் கைதிகள் எண்ணிக்கை 20 வருடத்துக்கு மேலே மேலே போனது, எங்கள் கவுண்டியின் மக்கள்தொகையோ குறைந்துகொண்டிருக்கிறது. இதைக் கேட்டபோது சரியான பதில் வரவில்லை. ஷெரீஃபிடம் தனியாகக் கேட்டேன், உள்ளே இருப்பவர்களில் எத்தனை பேர் ஜாமீன் பணம் கட்ட முடியாமல் இருக்கிறார்கள் என்று. மனுஷன் மழுப்பவில்லை. "பாதிக்கு மேல்" என்றார். ஒருவர் மனநல மருத்துவமனையில் இடம் கிடைக்கக் காத்திருக்கிறார் என்றும் சொன்னார். அயோவாவில் நான்கு அரசு மனநல மருத்துவமனைகள் இருந்தன, 2015இல் இரண்டை மூடிவிட்டார்கள். மூடிய கதவுக்கு வெளியே நிற்பவர்கள் எங்கே வந்து சேர்கிறார்கள் என்பது எனக்கு அந்த அறையில்தான் புரிந்தது. ஜெயிலுக்குள் இருக்கும்வரை ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டும் பணம் கொடுக்காது, மருந்துச் செலவு கவுண்டி தலையில்.

ஓட்டுச்சீட்டில் வராத இன்னொரு செலவு ஆள். ஒரு இடத்தில் இரவு பகல் ஒருவர் நிற்க வாரத்துக்கு 168 மணி நேரம், லீவு, பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர் வேண்டும். புதுக் கட்டிடத்துக்கு அப்படிக் கூடுதலாக ஒரு இடம். ஆளுக்கு 65 ஆயிரம் டாலர் என்றாலும் வருடத்துக்கு 3 லட்சத்துக்கு மேல், கடன் தீர்ந்த பிறகும் தொடரும். இதைப் பிரசுரத்தில் போடலாம் என்றேன். குழப்பும் என்று எடுத்துவிட்டார்கள்.

கடைசிக் கூட்டம் பள்ளி ஜிம்மில். கடனை அடைக்க 2 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு வருடத்துக்கு 136 டாலர் சொத்துவரி கூடும் என்று திரையில் காட்டினார்கள். பின்வரிசையில் இருந்த விவசாயி ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தன்னுடைய 800 ஏக்கருக்கு என்ன வரும் என்று கேட்டார். ஆயிரத்து அறுநூறுக்கு மேல். அந்த வருடம் சோளம் விலை படுத்திருந்தது, அவர் மேலே எதுவும் பேசவில்லை, தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இல்லை என்றுதான் நான் ஓட்டுப் போட்டேன். 24 படுக்கை, ஆள் செலவைத் திறந்து சொல்வது, கோர்ட் தேதிகளை வேகப்படுத்துவது, இப்படிக் கேட்டிருந்தால் ஆம் என்றிருப்பேன். அயோவாவில் இந்த மாதிரிக் கடனுக்கு 60 சதவீதம் வேண்டும். அயோவா சிட்டி இருக்கும் ஜான்சன் கவுண்டியில் 2012லும் 2013லும் ஜெயிலோடு சேர்ந்த கட்டிடத் திட்டம் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கியும் தோற்றது. எங்கள் ஊரிலும் அதுவே, ஆம் 57, இல்லை 43. தோற்ற எண்ணிக்கையோடு என் பக்கம் ஜெயித்தது. 2023 சட்டப்படி இந்த வகை ஓட்டெடுப்பு நவம்பரில் மட்டும்தான், ஆக மறுபடி கேட்க ஒரு வருடம்.

டிசம்பரில் கவுண்டியை நிர்வகிக்கும் சூப்பர்வைசர்கள் கூட்டத்துக்குப் போனேன், 24 படுக்கை பற்றிப் பேசலாம் என்று. நிகழ்ச்சி நிரலில் ஜெயில் என்று இருந்தது ஒரே வரி: கூடுதலாக இரண்டு போட் வாங்க ஒப்புதல். மூன்று பேரும் கை தூக்கினார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அடுத்தது பாலம் ரிப்பேருக்குப் போய்விட்டார்கள்.